நிரப்பாமல் விட்ட வரி

வேனின் பக்கவாட்டில் 'தோல் மருத்துவம் - இலவசம்' என்று மட்டுமே எழுதியிருந்தது. தொழுநோய் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அது வேண்டுமென்றே விடப்பட்டிருந்தது. சொறி, சிரங்கு, படை என்று வருகிறவர்களுக்கு நடுவே, வெளியில் சொல்ல முடியாத தேமலோடு வருகிற ஒருவரும் வரிசையில் நின்றுகொள்ளலாம். யார் எதற்கு மருந்து வாங்கினார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டை விளக்கிய டாக்டர் கூடவே ஒரு விதியையும் சொன்னார்.

"வேன் ஊர் முனையில இருக்குற புளியமரத்தோட நின்னுடணும்மா. யார் வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது. போனா, அந்த வீட்டுக்கு நாமளே போர்டு எழுதி மாட்டின மாதிரி."

நான் அப்போது பி.ஏ. தமிழ் முடித்திருந்தேன். அப்பாவின் கண் அறுவையால் எம்.ஏ. சேர்வது ஓராண்டு தள்ளிப்போயிருந்தது. உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தொண்டு அமைப்பு வாடகைக்கு எடுத்திருந்த ஓட்டுக் கட்டடத்தில்தான் அந்த வேன் நின்றது. நோயாளிகளின் விவரங்களை அட்டையில் எழுத ஒரு பெண் வேண்டும், பெண்களோடு பேசக்கூடியவளாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதிகம் பேசுகிற வழக்கம் எனக்கில்லை. டாக்டர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வேனில் நாங்கள் நான்கு பேர்: டாக்டர், கள ஊழியர், டிரைவர், நான். ஆண்டிமடத்துக்குக் கிழக்கே முந்திரிக்காடுகளுக்குள் சிதறிக் கிடந்த ஊர்களுக்கு, நாளுக்கு ஓர் ஊர் என்ற கணக்கில் போவோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து செம்மண் தடத்தில் ஒரு மணி நேரம் நடந்தால்தான் அந்த ஊர்களுக்குப் போக முடியும். ஒவ்வோர் ஊருக்கும் மாதத்தில் ஒரு நாள். நான் சொல்லப்போகிற ஊருக்கு அது இரண்டாம் செவ்வாய்.

அட்டையில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றுக்குக் கீழே, நான்காவதாக, 'தந்தை / கணவர் பெயர்' என்று ஒரு வரி இருந்தது. மணமான பெண் என்றால் தந்தை என்பதை அடித்துவிட்டுக் கணவர் பெயரை எழுத வேண்டும். முதல் நாளே என்னைத் திணறவைத்தது அந்த வரி. அந்தப் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. கேட்டால் சிரிப்பார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள், பின்னால் நிற்கிறவளைக் கைகாட்டுவார்கள். ஒருத்தி, "திருச்செந்தூர்ல வேலோட நிக்கிறாரே, அவரு பேருதான்" என்றாள். எனக்குத் தெரிந்த முருகன் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள். ஆறாவது பெயரில் வரிசையே சிரித்தது. இப்படிக் கோடிகாட்டவும் கூச்சப்பட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரியையோ நாத்தனாரையோ அழைத்து வருவார்கள். அவள் பெயரைச் சொல்வாள், நான் எழுதுவேன்.

அதில் இருந்த ஆபத்து எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. பெயர் சொல்ல ஒருத்தி துணைக்கு வந்தால், அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்பது துணைக்கு வந்தவளுக்கும் தெரிந்துவிடும். வேனின் வெளிப்புறத்தில் அத்தனை கவனமாகக் காத்த ரகசியம் அட்டையின் நான்காம் வரியில் வெளியேறிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அட்டை மேலிடத்தில் அச்சடித்து வருவது, நாம் மாற்ற முடியாது என்றார்.

நான் சொல்லப்போகிற பெண்ணை முதலில் பார்த்தது அந்த ஊரில், ஆனி மாதத்தில். அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி, தன் சின்ன மகளுக்குச் சிரங்கு மருந்து வாங்க வந்தபோது உடன் வந்திருந்தாள். அவளுக்கு இருபது வயது இருக்கும். தா.பழூர்ப் பக்கத்து நெல்வயல் ஊரிலிருந்து அந்த மாசியில்தான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். ஓரகத்திக்குப் பெரிய குரல். குழந்தையின் தகப்பன் பெயரைக் கேட்டதும், தன்னால் சொல்ல முடியாது, இளையவளுக்கு அவர் மச்சாண்டார், கணவனின் அண்ணன், என்பதால் அவளும் சொல்லக் கூடாது என்று சட்டம் பேசி, வரிசையில் நின்ற வேறொருத்தியைச் சொல்லவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தாயி, ஒனக்கும் ஒருத்தன் வருவான்ல. அப்ப நீ வாயால சொல்லுவியா, இந்த மாதிரி எழுதித்தான் காட்டுவியா? பாக்கத்தான போறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். இளையவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். புளியமரத்தடியில் ஒரு பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லி, கள ஊழியர் கோழியிறகால் அவர் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தார். இறகு பட்ட இடத்தையெல்லாம் பெரியவர் விரலால் சரியாகக் காட்டினார். தோள்பட்டையில் ஓர் இடத்தில் இறகு மூன்று முறை பட்டும் அவர் கை எழவில்லை. அதை அவள் இமைக்காமல் பார்த்தாள்.

கூட்டம் கலைந்து, கள ஊழியரும் டிரைவரும் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் தனியாகத் திரும்பி வந்தாள். குப்பியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னாள். மருந்துக்கு அவரவர் வீட்டிலிருந்துதான் குப்பி கொண்டுவருவார்கள். என் மேசையின் கால் ஓரத்தில், யாருடைய காலும் தட்டாத இடத்தில், மூடி இறுக்கித் திருகப்பட்டு அது நின்றுகொண்டிருந்தது. மறந்துவிட்ட பொருள் அப்படி நிற்பதில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் போகவில்லை. ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிக் காட்டினாள்.

அவள் புகுந்த வீட்டில் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிற வேலை. ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் தோலில் பட்டால் வெந்துவிடும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். சாம்பலை மீறித் தெறித்தால் எவளும் துடித்துப்போவாள்.

"எனக்கு இந்த எடத்துல பட்டது தெரியலக்கா. தோலு உரிஞ்ச பொறவுதான் பாத்தேன்" என்றாள்.

டாக்டரே இறகை எடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மணிக்கட்டில் பட்டபோது காட்டினாள், முழங்கையில் காட்டினாள். நடுவில், எட்டணா நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெளுத்திருந்த இடத்தில் இறகு நின்றபோது, மூடிய கண்களோடு காத்துக்கொண்டே இருந்தாள்.

இது குணமாகிற நோய்தான், தினம் ஒரு வெள்ளை மாத்திரை, நிறுத்தாமல் சில ஆண்டுகள் சாப்பிட வேண்டும், கை கோணாது, விரல் போகாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். கேட்டது ஒன்றைத்தான்: வீட்டில் யாருக்காவது தெரிய வேண்டுமா? தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். பிறந்த வீட்டில் அவளுக்குப் பின் இரண்டு தங்கைகள் இருந்தார்கள்.

"யாருக்கும் தெரிய வேணாம். இது நம்ம மூணு பேரோட இருக்கும்" என்றார் டாக்டர். மூன்றாவது ஆள் நான். அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையசைத்தேன்.

அட்டை எழுதினேன். நான்காம் வரிக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். அவள் தனியாக வந்திருந்தாள்; பெயர் சொல்ல ஆள் இல்லை. கோடிகாட்டவும் அவளால் முடியவில்லை. உதட்டைத் திறந்தாள், சொல் வரவில்லை. "எழுதலன்னா மருந்து தர மாட்டாங்களா?" என்று கேட்டாள். தருவார்கள் என்று சொல்லி அந்த வரியை வெறுமையாக விட்டேன்.

அவள் தகப்பன் பெயரை அங்கே எழுதியிருந்தால் போதும். அதை அவள் தயங்காமல் சொல்லியிருப்பாள், வரி நிரம்பியிருக்கும், பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மணமானவள் என்பதால் 'தந்தை' என்ற சொல்லை முன்பே அடித்துவிட்டேன். அங்கே தந்தை பெயரை எழுதுவது பிழை. பிழையென்று தெரிந்த ஒன்றை எழுத அன்று எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் செய்தேன். அந்த ஊரில் அதே பெயரில் வேறு இரண்டு பெண்களுக்கும் அட்டை இருந்தது. ஒரு மாதம் அவளால் வர முடியாமல் போனால் மாத்திரை எப்படியாவது அவளைச் சேர வேண்டும் என்று நினைத்து, வீட்டு அடையாளம் கேட்டேன். அவள் சொன்னதை அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'தண்ணீர்த் தொட்டி தாண்டி மூன்றாம் வீடு. புது ஓடு. வாசலில் முருங்கை.' டாக்டர் அதை வாசித்துவிட்டு, இப்படித்தான் எழுத வேண்டும் என்று பாராட்டினார். அன்று முழுவதும் எனக்கு அந்தப் பாராட்டு இனித்தது.

அதன் பிறகு ஆறு மாதங்கள் அவள் தவறாமல் வந்தாள். ஓரகத்தி மகளின் சிரங்கு மருந்துக்குக் குப்பியை எடுத்துக்கொண்டு வருகிற பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். சில மாதம் குழந்தையையும் இடுப்பில் தூக்கி வந்தாள். குப்பியில் மருந்து நிரம்பும். காகிதப் பொட்டலம் முந்தானை முடிச்சுக்குள் போகும். மாத்திரைகளை எங்கே வைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். கொட்டை உடைக்கும்போது கைக்குப் பூசிக்கொள்கிற சாம்பல் டப்பாவின் அடியில் என்றாள். அவளுடைய டப்பாவை வேறு யாரும் தொடுவதில்லை.

நானும் அவளும் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. மார்கழியில் டாக்டர் மறுபடியும் இறகை எடுத்தபோது, வெளுப்பின் ஓரத்தில் பட்டதும் அவள் விரல் எழுந்தது. கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள். "ஓரத்துல லேசா தெரியுதுக்கா" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தை பிறந்ததும் கட்டடத்தில் பரபரப்பு. அட்டைகளைச் சரிபார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. குறையுள்ள அட்டைகளை ஒதுக்கிவிடுவார்கள், ஒதுக்கினால் அடுத்த ஆண்டு மருந்தின் அளவு குறையும் என்றார்கள். கள ஊழியர் அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தார். வெறும் வரியோடு இருந்தது அந்த ஓர் அட்டைதான். அவர் அதை என் முன்னால் வைத்தார். அந்த வரி ஏன் வெறுமையாக விடப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. நான் டாக்டரைப் பார்த்தேன்.

"அத விடுங்க. நான் பாத்துக்கிறேன்" என்று டாக்டர் அட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அதை எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஐயப்பட எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

அந்த இரண்டாம் செவ்வாய், புளியமரத்துக்கு நூறடி இருக்கையில் வேன் நிற்காமல் இடப்பக்கம் திரும்பியது. நான் பின் இருக்கையில் இருந்தேன். டிரைவர் வழி தவறிவிட்டார் என்று எண்ணிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்னால் இருந்த கள ஊழியர் கையிலிருந்த அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தார்.

"தண்ணித் தொட்டி தாண்டி மூணாவது வூடு. புது ஓடு. வாசல்ல முருங்கை."

டிரைவர், இவ்வளவு சுத்தமாக யார் எழுதியது, தபால்காரனே தோற்றுப்போவான் என்று சிரித்தார். டாக்டர் முன் இருக்கையில் கதவோரமாக இருந்தார். எனக்கு அவருடைய பிடரியும் சட்டைக் காலரும் மட்டும் தெரிந்தன. அவர் திரும்பவில்லை. நானும் அவரைக் கூப்பிடவில்லை. நிறுத்துங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தொட்டிக்கும் மூன்றாம் வீட்டுக்கும் இடையில் அதற்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

வேன் அந்த வாசலில் நின்றது. முருங்கை பூத்திருந்தது. தெருவில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் கட்டைத் தட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. ஓரகத்தி சாம்பல் பூசிய கைகளோடு வெளியே வந்தாள். கள ஊழியர் இறங்கி, இந்த வீட்டுச் சின்ன மருமகளின் கணவர் பெயர் அட்டையில் இல்லை, சொல்லுங்கள் என்றார். கொழுந்தன் பெயரைச் சொல்ல அவளுக்குத் தடையில்லை. சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"எதுக்குங்க அவ பேருல அட்ட?"

வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கோழியிறகை எடுத்தார். தெரு முழுவதும் அந்த இறகைப் பார்த்தது. அது எதற்கென்று தெரியாதவர் அந்த ஊரில் இல்லை.

இளையவள் நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. வேனின் சன்னலுக்குள் தேடி, என்னைக் கண்டுபிடித்து, பார்த்தாள். நான் மடியில் இருந்த அட்டைக் கட்டைப் பார்த்தேன்.

திரும்பி வந்தபின், கட்டடத்துக்குள் டாக்டர் கைகழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அவரே பேசினார்.

"கூட இருக்கிறவங்களையும் பாக்கணும்ல? அந்தச் சின்னப் பொண்ணு முதுகுல ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா? நாம போகலன்னா அது தெரிஞ்சிருக்குமா?"

அது உண்மை. ஓரகத்தி குழந்தையின் முதுகில் அதே போன்ற வெளுப்பு இருந்தது. அதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் குழந்தை சிரங்குக்காக எத்தனையோ முறை புளியமரத்தடிக்கு வந்திருக்கிறது; சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்; அதற்கு வேன் வாசலுக்குப் போயிருக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் முறை. அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பாக்க வர்றவங்க நாளைக்கு வர்றாங்கம்மா. அட்டை முழுசா இருக்கணும்" என்றார்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். கட்டுகளைப் புரட்டினார்கள். என் கையெழுத்து நன்றாக இருப்பதாக அவர்களில் ஒருவர் சொன்னார்.

மாசியின் இரண்டாம் செவ்வாயில் ஓரகத்தி தானே குப்பியோடு வந்தாள். இடுப்பில் குழந்தை. அதற்கும் இப்போது வெள்ளை மாத்திரை. பெரிய குரல் இல்லை. வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள். மேசைக்கு வந்ததும், இளையவளைப் பற்றி நான் கேட்காமலே சொன்னாள்.

"அவ பொறந்த வூட்டுக்குப் போயிட்டா. போயிட்டான்னா, கொண்டுபோய் வுட்டுட்டாங்க." பிறகு குரலை இறக்கினாள். "ஏந்தாயி, எங்கிட்ட சொல்லியிருந்தா ஆகாதா? நானே வந்து அவன் பேரச் சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன். என்னைய ஒரு மனுசியா நெனைக்கல ரெண்டு பேரும்."

யார் வாயை மூடிக்கொள்வார், யார் மாட்டார் என்று நான் குரலின் அளவை வைத்து முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரமே ஒரு மாத மாத்திரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தா.பழூர் பஸ் ஏறினேன். டாக்டரிடம் சொல்லித்தான் எடுத்தேன். அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பில் நடந்து, கேட்டுக் கேட்டு, அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். இம்முறை அடையாளம் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

அவள் வாசலில் அவித்த நெல்லைக் காயவைத்து, காலால் கோடு கோடாகத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை, எனக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் எடுத்துக் குடிக்கிறேனா என்று பார்த்தாள். குடித்தேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"இங்கிட்டு வேன் வருமா?"

"தா.பழூருக்கு இன்னொரு வேன் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வருது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"அம்மாவ அனுப்புறேன். நீங்க வர வேணாம்."

சரி என்றேன். சொல்லவென்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. டாக்டர்தான் சொல் தவறினார் என்பது அவற்றில் முதல் வாக்கியம். அந்த வாசலில் நின்றபோது அதைச் சொல்வது அருவருப்பாக இருந்தது. அவளைத் தேடி வந்தவர்கள் வாசித்தது என் எழுத்தை.

"அட்ட கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எடுத்துக் காட்டினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"எழுதாம வுட்டீங்களே, அந்த எடம் எது?"

நான்காம் வரியில் விரலை வைத்தேன்.

"எழுதிக்குங்க" என்றாள்.

பிறகு அவள் கணவன் பெயரைச் சொன்னாள். முந்தானையை வாயருகே கொண்டுபோகவில்லை. தலையைக் குனியவில்லை. அவன் தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்து, முன்பின் தெரியாத ஒருவனுடைய விலாசத்தைச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பக்கத்து வாசலில் முறத்தோடு இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வரியில் கள ஊழியரின் நீல மையில் அதே பெயர் ஏற்கெனவே இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து, முனை தாளில் படாமல், அந்தப் பெயரின் மேல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மெல்ல நகர்த்தினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்" என்றேன்.

அவள் நெல்லுக்குள் இறங்கி, விட்ட இடத்திலிருந்து துழாவத் தொடங்கினாள்.